கடைசிக் காட்சிக்குப் பிறகு

இங்கே லண்டன் அப்டன் பார்க்கில் மதியம் இரண்டு மணி. சென்னையில் மாலை ஆறரை, டொராண்டோவில் காலை ஒன்பது. நேரலையில் இணைந்திருக்கிற எல்லோருக்கும் நன்றி. நேற்று எனக்கு இரவுப் பணி. காலையில் வந்து மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு இந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எங்காவது தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இலக்கியம் படித்தவள் அல்ல. நர்சிங் டிப்ளமோ படித்தவள். கதை எழுதுவது பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம். அதனால் இன்றைய தலைப்பை விமர்சகர் பார்ப்பதுபோலப் பார்க்க எனக்குத் தெரியாது. வார்டில் வேலை செய்கிறவள் எப்படிப் பார்ப்பாளோ அப்படித்தான் பார்க்கப்போகிறேன். நம் கதைகளிலும் படங்களிலும் மனநோய் வந்த ஒருவருக்கு என்ன நடக்கிறது? அவர் எங்கே கொண்டுபோய் விடப்படுகிறார்? அங்கிருந்து திரும்பி வர அவருக்கு வழி வைத்திருக்கிறோமா?

இந்தக் கேள்வி எனக்கு என் சித்தியிடமிருந்து வந்தது. நான் நர்சிங் படித்துக்கொண்டிருந்தபோது விடுமுறைக்குத் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். டிவியில் 'சேது' படம் போட்டார்கள். 1999 டிசம்பரில் வெளிவந்த பாலாவின் முதல் படம். தலையில் அடிபட்டு மனம் பிறழ்ந்த சேதுவை ஒரு மடத்தில் கொண்டுபோய்ச் சங்கிலியில் கட்டிப்போடுகிறார்கள். அங்கே அவனுக்கு நினைவு திரும்புகிறது. தப்பித்து வீட்டுக்கு வருகிறான். வந்து பார்த்தால் அவன் நேசித்த பெண் உயிரோடு இல்லை. அவன் தானாகவே திரும்பி அந்த மடத்துக்காரர்களோடு போய்விடுகிறான். படம் முடிகிறது. வீட்டில் எல்லோரும் அழுதோம்.

சித்தி அழவில்லை. அவளுக்கு இருபத்திரண்டு வயதில் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்திருந்தன. மனச்சிதைவு. அப்போது அவள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மிஷினில் உட்கார்ந்து நூல் கோத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "ஏட்டி, அதுக்குப் பொறவு அவனுக்கு மாத்திர குடுத்திருப்பாவளா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. படத்தில் அதுக்குப் பிறகு என்பதே கிடையாது. சித்தியோ அந்த 'அதுக்குப் பிறகு'க்குள்தான் வாழ்ந்துகொண்டிருந்தாள்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். நம் மொழியில் இதற்கு மிகப் பழைய ஒரு காட்சி உண்டு. 'மணிமேகலை'யில் மலர்வனம் புக்க காதை. மணிமேகலையும் சுதமதியும் பூப்பறிக்கப் புகார் நகரத்துத் தெருவில் போகிறார்கள். வழியில் ஒரு மனிதன். செவ்வலரி மாலையும் எருக்க மாலையும் போட்டிருக்கிறான். கந்தலையும் ஒடித்த சுள்ளிகளையும் உடையாகக் கட்டியிருக்கிறான். உடம்பெல்லாம் சாம்பல். அழுகிறான், விழுகிறான், கூவுகிறான், கும்பிடுகிறான், தன் நிழலோடேயே சண்டை போடுகிறான். சாத்தனார் அவனுக்குப் பெயர் தரவில்லை. ஆனால் அவன் பின்னால் கூடி நிற்கிற ஆட்களைப் பற்றி ஒரு விவரம் தருகிறார். அவனுடைய துன்பத்தைப் பார்த்து அவர்கள் வருந்துகிறார்கள்.

அந்த ஒரு சொல்லுக்காக நான் சாத்தனாரைக் கும்பிடுவேன். லண்டனில் 1247ல் தோன்றிய பெத்லெம் என்ற மருத்துவமனை இருக்கிறது. 1770 வரை அங்கே பொதுமக்கள் மனநோயாளிகளை வேடிக்கை பார்க்கப் போகலாம். மிருகக்காட்சிசாலைக்குப் போவதுபோலப் போனார்கள். அந்த இடத்தின் பேச்சுவழக்குப் பெயரான 'பெட்லம்' ஆங்கிலத்தில் கூச்சல் குழப்பத்துக்கே பெயராகிவிட்டது. நாம் மட்டும் என்ன செய்தோம்? சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' என்றால் போதும், சினிமாவில் சிரிப்பு வரும். இலங்கை நண்பர்களுக்கு 'அங்கொடை'. மூன்று ஊர்களில் மூன்று மருத்துவமனைகளின் பெயர்கள் வசைச்சொற்களாகிவிட்டன. இதய நோய் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி யாரும் யாரையும் திட்டுவதில்லை.

மணிமேகலை அந்த மனிதனைக் கடந்து போய்விடுகிறாள். காப்பியத்தில் அவன் மறுபடி வருவதில்லை. ஆனால் பின்னால் அவள் சோழ மன்னனிடம் ஒன்று கேட்கிறாள்: சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தர வேண்டும். அடைத்து வைக்கும் இடம் சோறு போடும் இடமாகிறது. மனநல மருத்துவத்தின் கடந்த 200 ஆண்டு வரலாற்றை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும் வேலை. அது இன்னும் முடியவில்லை.

அந்த வேலை எப்படி நடந்தது என்று பார்ப்போம். சென்னையில் 1794ல் வாலன்டைன் கொனொலி என்ற கம்பெனி மருத்துவர் மனநோயாளிகளுக்காக ஒரு விடுதி தொடங்கினார். 1871ல் கீழ்ப்பாக்கத்தில் இப்போது இருக்கிற இடத்தில் காப்பகம் திறந்தது. 1922ல் அதன் பெயர் அரசு மனநோய் மருத்துவமனை என்று மாறியது. இங்கே என் வீட்டுப் பக்கத்தில் நடந்ததும் அதே காலத்துக் கதைதான். அப்டன் பார்க்கில் கிரீன் ஸ்ட்ரீட்டுக்கு மேற்கே இருந்த பகுதி அன்றைக்கு வெஸ்ட் ஹாம் நகராட்சி. அந்த நகராட்சி தன் மனநோயாளிகளுக்காக 1901ல் ஒரு காப்பகம் கட்டியது. எங்கே கட்டியது? தன் எல்லைக்குள் அல்ல, தள்ளி இல்ஃபோர்டு பக்கத்தில். அதுதான் இன்றைய குட்மேஸ் மருத்துவமனை. ஊருக்கு வெளியே, சுற்றிலும் நிலம், நடுவில் நீண்ட கட்டடம். கீழ்ப்பாக்கமும் அன்றைக்கு ஊருக்கு வெளியேதான். நோய் வந்தவர் கண்ணில் படக்கூடாது என்பதில் இரண்டு ஊருக்கும் ஒரே யோசனை.

அதற்கும் முன்பே, 1796ல், யார்க் நகரத்தில் வில்லியம் டியூக் என்ற வணிகரும் அவருடைய க்வேக்கர் சபையாரும் 'ரிட்ரீட்' என்று ஓர் இல்லம் திறந்தார்கள். சங்கிலி இல்லை, அடி இல்லை. நோயாளிகள் தோட்டவேலை செய்தார்கள், தையல் தைத்தார்கள், விருந்தினரோடு உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். அப்படி நடத்தினால் பலர் தேறி வீட்டுக்குப் போகிறார்கள் என்பது இங்கிலாந்து முழுக்கத் தெரிந்த செய்தியாயிற்று.

அதற்கு ஐம்பது வருஷம் கழித்து, 1847ல், சார்லட் பிராண்டே 'ஜேன் அயர்' எழுதுகிறார். எனக்குப் பிடித்த நாவல்தான். ஆனால் அந்த வீட்டின் மூன்றாவது மாடியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும் பெர்தா மேசனை நினைத்துப் பாருங்கள். ஜமைக்காவிலிருந்து கல்யாணம் செய்து கொண்டுவரப்பட்ட பெண். நாவல் முழுக்க அவள் ஒரு வார்த்தை நம்மிடம் நேராகப் பேசுவதில்லை. சிரிப்புச் சத்தம், காலடிச் சத்தம், கடி, தீ. கடைசியில் வீட்டைக் கொளுத்திவிட்டுக் கூரையிலிருந்து குதித்துச் செத்துப்போகிறாள். அவள் போனால்தான் கதாநாயகிக்குக் கல்யாணம் நடக்கும்.

நர்ஸ் என்பதால் என் கண் அங்கே கிரேஸ் பூலைத் தேடும். பெர்தாவைப் பார்த்துக்கொள்ள வைத்திருக்கிற வேலைக்காரி. மாடியில் ஒற்றை ஆளாக, மாற்றிவிட ஆள் இல்லாமல், வருஷக்கணக்கில் பணி. அவள் குடிப்பாள், குடித்துவிட்டுத் தூங்கிப்போவாள், அப்போது சாவி பெர்தா கைக்குப் போகும். எனக்கு அதைப் படிக்கும்போது திகில் வருவதில்லை, ஆள் பற்றாக்குறை தெரிகிறது. இரண்டு ஷிப்டு போட்டிருந்தால் அந்த வீடு எரிந்திருக்காது.

பிராண்டேயைக் குறை சொல்லி முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை. காரணம், அவரே அதை உணர்ந்திருந்தார். 1848 ஜனவரியில் தன் பதிப்பகத்தைச் சேர்ந்த ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் பெர்தாவைப் பற்றி அவர் ஒப்புக்கொள்கிறார்: அப்படிப்பட்ட நிலையைப் பார்க்கும்போது எழவேண்டியது ஆழ்ந்த இரக்கம்தான், தான் பயங்கரத்தைத் தூக்கலாக வைத்துவிட்டது தவறு என்று. நாவல் வெளிவந்து மூன்று மாதத்தில் இப்படி எழுத ஒரு நேர்மை வேண்டும். பெர்தாவுக்கு அவளுடைய சொந்தக் குரலைக் கொடுக்க ஜீன் ரிஸ் என்ற இன்னொரு பெண் 1966ல் 'வைட் சர்காசோ சீ' எழுத வேண்டியிருந்தது.

இதில் நான் கவனிப்பது இந்த இடைவெளியைத்தான். 1796லேயே யார்க்கில் நோயாளிகள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். 1847லும் நாவலில் மாடியில் பூட்டி வைத்திருந்தார்கள். வார்டு ஓரிடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் கதை பழைய இடத்திலேயே நிற்கிறது. தமிழிலும் இதேதான் நடந்தது.

கீழ்ப்பாக்கத்துக்கு 1961ல் ஒரு பெண் கண்காணிப்பாளராக வந்தார். டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்லப்படுகிறவர். 1978 வரை அங்கே இருந்தார். அது மருந்தின் காலமும்கூட. குளோர்புரோமசின் 1950களில் வந்துவிட்டது. காதில் குரல் கேட்பது குறையும், தூக்கம் வரும், ஆள் வீட்டில் இருந்துகொண்டே மாத்திரை வாங்கிப் போகலாம் என்ற நிலைமை அப்போதுதான் உண்டானது. அதே 1961ல் இங்கிலாந்தின் சுகாதார அமைச்சர் ஈனக் பவல், இந்தப் பெரிய காப்பகங்களை மூடவேண்டும் என்று ஒரு பேச்சு பேசினார். குடியேறிகளைப் பற்றி அவர் பின்னால் பேசிய பேச்சுக்காக நம்மில் யாரும் அவரை நேசிப்பதற்கில்லை. இந்தப் பேச்சு அவர் செய்த நல்ல காரியம்.

சாரதா மேனன் 1984ல் சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சிக்கென்று ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். 1993ல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும், தெருவில் விடப்பட்ட மனநோயாளிப் பெண்களுக்காக பான்யன் அமைப்பைத் தொடங்கினார்கள். இன்னொன்றும் நடந்தது. 1981ஐ ஒட்டி முதல் முறையாக மனச்சிதைவு வந்த 90 பேரைச் சென்னை மருத்துவர்கள் வருஷக்கணக்கில் விடாமல் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோது அவர்களில் பெரும்பாலோர் நல்ல நிலையில் இருந்தார்கள். எல்லோரும் அல்ல. சிலருக்கு நோய் திரும்பத் திரும்ப வந்தது. ஆனாலும் பெரும்பாலோர் தேறியிருந்தார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு என் சித்தியின் மிஷின் சத்தம் கேட்கும்.

அதே வருஷங்களில் நம் திரையில் என்ன ஓடியது? 'சிகப்பு ரோஜாக்கள்' 1978, 'மூடுபனி' 1980. மனம் பிறழ்ந்தவன் என்றால் பெண்களைக் கொல்கிறவன். 1982ல் 'மூன்றாம் பிறை'. அதில் நினைவிழந்த பெண் குணமாகிறாள். ஆனால் குணமான கணத்திலேயே தன்னைப் பார்த்துக்கொண்டவனை மறந்துவிடுகிறாள். ரயில் நிலையத்தில் அவன் குட்டிக்கரணம் போட்டு நினைவூட்டப் பார்க்க, அவனைப் பைத்தியக்காரன் என்று நினைக்கிறாள். 1991ல் 'குணா', மலையிலிருந்து குதிக்கிறான். 2012ல் '3', இருதுருவ மனநோய் உள்ள கதாநாயகன் உயிரை விடுகிறான். 2005ல் 'சந்திரமுகி'. அங்கே நோய் குணமாகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரே இரவில், ஒரு நாடகத்தில் குணமாகிறது. சாவு, கொலை, இல்லையென்றால் அற்புதம். இந்த மூன்றுக்கும் நடுவில் மாத்திரையும் தையல் மிஷினும் கிடையாது.

2004ல் வந்த 'காதல்' ஒரு படி நகர்ந்தது என்பேன். மனம் பிறழ்ந்து தெருவில் அலைகிறவனைக் கடைசியில் அந்தப் பெண்ணின் கணவனே பொறுப்பேற்கிறான். கூட்டத்தில் ஒருத்தராவது வருந்துகிறார், வருந்துவதோடு நிற்காமல் கையையும் நீட்டுகிறார்.

இப்போது ஒரு தேதி சொல்கிறேன். 2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய மனநல விடுதிகள் இருந்தன. நோய் தீரும் என்று நம்பிப் பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து விட்டிருந்தார்கள். விடியற்காலையில் ஒரு விடுதியின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள்.

நான் அப்போது மூன்றாம் ஆண்டு மாணவி. ஹாஸ்டல் மெஸ்ஸில் டிவியில் அந்தச் செய்தி. சாப்பாட்டுத் தட்டோடு அப்படியே நின்றோம். மனநலப் பிரிவில் பயிற்சி முடித்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அங்கே நான் கவனித்துக்கொண்ட ஓர் அம்மா முழுக்கத் தேறியிருந்தார். டிஸ்சார்ஜ் தாளும் தயார். கூட்டிப்போக மட்டும் யாரும் வரவில்லை. "சிஸ்டர், தபால் வந்துச்சா?" என்று தினமும் கேட்பார்.

பெர்தா மேசன் வீட்டைக் கொளுத்துகிறாள், நாம் பயப்படுகிறோம். ஏர்வாடியில் எரிந்தது அவர்கள். கடுமையான மனநோய் உள்ளவர்கள் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதே அதிகம் என்பது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். அது கதைகளுக்கு மட்டும் தெரிவதில்லை. அதே 2001 நவம்பரில், ஏர்வாடி நடந்து மூன்று மாதத்தில், மனநோய் இல்லத்திலிருந்து தப்பித்து வந்து கொல்கிறவனின் கதையாக 'ஆளவந்தான்' வெளியானது. சிறுவயதில் அவன் பட்டதையும் அந்தப் படம் சொல்கிறது, அதை மறைக்கக்கூடாது. ஆனாலும் அந்த ஆண்டு தமிழ்நாட்டுக்குத் தேவைப்பட்ட கதை அதுதானா?

அப்படியானால் நம் மொழியில் யாருமே சரியாகச் சொல்லவில்லையா? சொன்னார்கள். இரண்டு பேரைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது.

ஒருவர் கும்பகோணத்து எம்.வி. வெங்கட்ராம். மணிக்கொடிக் காலத்து எழுத்தாளர், 1920ல் பிறந்தவர், சரிகை வியாபாரம் செய்தவர். அவருடைய 'காதுகள்' நாவல் 1992ல் வந்தது. மறு ஆண்டு சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. மகாலிங்கம் என்ற மனிதனின் காதுக்குள் குரல்கள் கேட்கின்றன. ஏசுகின்றன, கேலி செய்கின்றன, ஆபாசம் பேசுகின்றன, விடாமல் பேசுகின்றன. வியாபாரம் நொடித்துப்போய் வீட்டில் வறுமை. அந்த நிலையில் அவன் முருகனைப் பிடித்துக்கொண்டு, குடும்பத்தையும் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இது தன் சொந்த அனுபவம் என்று ஆசிரியரே சொல்லியிருக்கிறார். அவர் அதை நோயாகப் பார்க்கவில்லை, ஆன்மிகப் போராட்டமாகப் பார்த்தார். நானும் மகாலிங்கத்துக்கு கேஸ் ஷீட் எழுதப்போவதில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்த நாவலில் குரல் கேட்கிறவன் நம்மோடு பேசுகிறான். மாடியில் பூட்டிய சிரிப்புச் சத்தமாக இல்லை. அவனுக்கு மனைவி மக்கள் உண்டு, கடன் உண்டு, மறுநாள் காலை உண்டு.

'காதுகள்' நாவலை லண்டன் வந்த பிறகுதான் படித்தேன். படித்து முடித்த இரவு சித்திக்குப் போன் போட்டு, "இப்படி ஒருத்தர் எழுதியிருக்காரு" என்று சொன்னேன். "அவருக்கும் ராத்திரியிலதான் கூடுதலாக் கேக்குமா?" என்று கேட்டாள். முப்பது வருஷத்தில் அவள் தன் குரல்களைப் பற்றி என்னிடம் தானாகப் பேச ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

இன்னொருவர் கோபிகிருஷ்ணன். மதுரையில் பிறந்தவர், உளவியல் படித்தவர், மனநல ஆலோசகராக வேலை செய்தவர். தானும் மனநோயால் துன்பப்பட்டவர், அதை மறைக்காதவர். அவருடைய 'உள்ளேயிருந்து சில குரல்கள்' மனநல மருத்துவமனைக்குள் இருப்பவர்களின் பேச்சைக் கொண்டுவந்து வைத்தது. அதில் இருப்பவர்கள் சின்னச் சின்ன விஷயங்களுக்கு ஆசைப்படுகிறார்கள், கோபப்படுகிறார்கள், சிரிக்கவும் வைக்கிறார்கள். வார்டில் நிஜமாகவே சிரிப்பு உண்டு என்பது அங்கே வேலை பார்க்கிற எவருக்கும் தெரியும். அதை எழுதத் துணிந்தவர் அவர். வறுமையிலேயே வாழ்ந்து 2003ல் இறந்துபோனார். 'சேது' வருவதற்கு முன்பே அந்தப் புத்தகம் நம் மொழியில் இருந்தது. வாசித்தவர்கள் குறைவு.

இங்கே நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் முதன்முதலில் எழுதி அச்சில் வந்த கதை ஒரு மனநோயாளிப் பெண்ணைப் பற்றியது. சித்தியின் சாயல் அதில் இருந்தது. கதை கடைசியில் அவளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டேன். நண்பர்கள், முடிவு நெஞ்சை உலுக்குகிறது என்றார்கள். பெருமையாக இருந்தது. ஊருக்குப் போனபோது சித்தி அதைப் படித்திருந்தாள். கோபப்படவில்லை. பத்திரிகையை மடித்து மேசையில் வைத்துவிட்டு, "அந்தப் பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவ ஊருல ஒருத்தரும் இல்லையா ஏட்டி?" என்றாள்.

இருந்தார்கள். நிஜத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா இருந்தார். சித்திக்கு நோய் வந்த முதல் இரண்டு வருஷம் வீட்டில் ஜெபக்கூட்டம் ஜெபக்கூட்டமாகத்தான் கூட்டிப்போனார்கள். பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். மாற்கு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்து வாசித்தார்கள். கல்லறைகளுக்குள்ளே இருந்தவன், சங்கிலியால் கட்டியும் அடங்காதவன். அந்தப் பக்கத்து வீட்டம்மாதான் ஒருநாள், "போதும், டாக்டர்ட்ட காட்டுவோம்" என்று சொல்லி இரண்டு பஸ் மாறிக் கூட்டிப்போனார். அவரை என் கதையில் நான் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் கிணறு வந்திருக்காது. கிணறு இல்லாவிட்டால் கதை உலுக்காது என்று நினைத்தேன்.

அந்த ஐந்தாம் அதிகாரத்தை நான் இப்போது வேறு மாதிரி வாசிக்கிறேன். வாசிக்கிறவர்கள் சங்கிலியிலும் பிசாசிலும் பன்றிகளிலும் நின்றுவிடுகிறார்கள். கதை அங்கே முடியவில்லை. அவன் வஸ்திரம் உடுத்தி, புத்தி தெளிந்து உட்கார்ந்திருக்கிறான். உம்மோடேயே வருகிறேன் என்கிறான். இயேசு சம்மதிக்கவில்லை, உன் வீட்டாரிடம் போ என்கிறார். உடுப்பு, தெளிவு, வீடு. எந்த டிஸ்சார்ஜ் திட்டத்திலும் நாங்கள் பார்ப்பது இந்த மூன்றைத்தான்.

2017ல் இந்தியாவில் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. படங்களில் சித்திரவதையாகக் காட்டுவார்களே மின் அதிர்ச்சி, அதை மயக்க மருந்து இல்லாமல் கொடுக்கவும் தடை செய்கிறது. அதில் இன்னொரு பிரிவு எனக்கு மிகவும் பிடிக்கும். குடும்பம் இல்லை, அல்லது குடும்பம் ஏற்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக்கூடாது என்கிறது. தபால் வந்துச்சா என்று கேட்ட அந்த அம்மாவுக்கான பிரிவு அது. சட்டத்தில் எழுதியதெல்லாம் நடந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பான்யன் போன்றவர்கள் அப்படிப்பட்டவர்களுக்குச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு பிடித்துச் சேர்ந்து வாழ வழி செய்கிறார்கள். சட்டமே மடத்தின் கதவைத் திறந்து வைத்துவிட்டது. கதை எழுதுகிற நாம் இன்னும் சேதுவைத் திருப்பி உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கலாமா?

நம்பிக்கை வேண்டும் என்று நான் சொல்லும்போது, எல்லாக் கதையும் சுபமாக முடியவேண்டும் என்று அர்த்தம் இல்லை. மனநோயில் சாவும் உண்டு, நான் பார்த்திருக்கிறேன். நம்பிக்கை என்று நான் சொல்வது மிகச் சின்னது. அந்தப் பாத்திரத்துக்கு மறுநாள் என்று ஒன்று இருக்கட்டும். அவரைக் கூட்டிப்போக ஓர் ஆளாவது இருக்கட்டும். அவர் வாயால் நாலு வார்த்தை பேசட்டும். தேறுவது அலுப்பூட்டும் விஷயம் என்பது எனக்குத் தெரியும். மாத்திரையால் எடை கூடும், கை நடுங்கும், பகலெல்லாம் தூக்கம் வரும், ஒருநாள் மாத்திரையை நிறுத்திவிடுவார், மறுபடி முதலிலிருந்து. கதைக்கு இது வசதிப்படாது. கிணறுதான் வசதி. ஆனால் எம்.வி. வெங்கட்ராம் அந்த அலுப்பையே முழு நாவலாக எழுதிக் காட்டிவிட்டார். எனவே முடியாது என்று நாம் சொல்ல முடியாது.

என் பழைய கதையை இப்போது திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டம்மா உள்ளே வந்துவிட்டார். இருவரும் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள், இரண்டாவது பஸ்ஸுக்காக நிற்கிறார்கள். அதற்கு மேல் இன்னும் நகரவில்லை. மெதுவாகத்தான் வருகிறது.

சித்திக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. குரல்கள் முழுக்கப் போய்விடவில்லை. "அதுபாட்டுக்குப் பேசும், நான் என்பாட்டுக்குத் தைப்பேன்" என்பாள். நேற்று போனில் இன்றைக்கு எதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். "அப்ப அந்த சேதுப் பையனையும் சொல்லு" என்றாள். சொல்லிவிட்டேன், சித்தி.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.